ஊரும் தந்தையும் பெயரும்

சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் 1882ஆம் ஆண்டு காலஞ்சென்ற பீட்டர் பெர்சிவல் பாதிரியார், அதற்கு முன் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் கல்விப் பணியும் தமிழ்ப் பணியும் ஆற்றியவர்; அங்கே அவருடைய மேற்பார்வையில் விவிலியத்தைத் தமிழாக்கும் வேலை நடந்தபோது அதில் அவருக்குப் பெருந்துணையாய் நின்றவர், பின்னாளில் சைவ உலகம் போற்றிய ஆறுமுக நாவலர். இவ்விருவருடைய பெயர்களையும் அருகருகே வைத்து நோக்கினால் இரண்டு நாகரிகங்கள் மனிதனை அடையாளங் காணும் முறை தெளிவாக விளங்கும். பீட்டர் என்பது பாதிரியாருக்கே உரிய பெயர். பெர்சிவல் என்பது அவர் பிறந்த குடும்பத்தின் பெயர். உலகம் அவரை நினைவு கூர்வது குடும்பப் பெயரால்தான். நாவலரோ, தம் நூல்களின் முகப்பில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் என்று விளங்குபவர். முதலில் நாடு, பிறகு ஊர், அதன்பின் தம் பெயர், எல்லாவற்றுக்கும் பின்னே 1849ஆம் ஆண்டில் திருவாவடுதுறை ஆதீனம் அளித்த பட்டம். ஒரு பெயர் தனி மனிதனிடத்தே தொடங்கிக் குடும்பத்தில் முடிகிறது. மற்றொன்று நாட்டிலே தொடங்கி மனிதனிடத்தே வந்து சேர்கிறது. ஏற்காட்டிலேயே குடியிருந்தவரும், பெர்சிவலின் மருமகனும், பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவருமான இராபர்ட் புருஸ் பூட்டையும் ‘பூட்’ என்ற கடைசிச் சொல்லாலேயே நாம் அறிகிறோம். பெயரின் உறுப்புகள் நிற்கும் இவ்வரிசை எவ்வாறு அமைந்தது, தமிழருடைய வரிசைக்கு உலக வழக்குகளிடையே உரிய ஸ்தானம் எது, இக்காலத்து விண்ணப்பப் படிவங்கள் அதை என்ன செய்கின்றன என்பனவே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயங்கள்.

பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் மனித சமுதாயம் முழுவதற்கும் இயல்பானது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சரித்திரம் அதற்கு இடந்தரவில்லை. சீனத்தில் அது மிகப் பழமையானது என்பது உண்மையே. ஆனால் பிற நாடுகள் பலவற்றில் அதை நிலைநாட்டியது, வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் பிறப்பு இறப்புகளைப் பதியவும் அரசுக்கு இருந்த தேவைதான். இங்கிலாந்தில் நார்மானியர் வருகைக்குப் பின் மெல்ல மெல்லப் பரவிய குடும்பப் பெயர், 1538ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு திருச்சபைப் பகுதியிலும் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அடக்கத்தையும் பதிவு செய்யவேண்டுமென்ற கட்டளை பிறந்தபின் அசைக்க முடியாதபடி உறுதிப்பட்டது. ஒல்லாந்தில் நெப்போலியனுடைய ஆணை 1811இல் அதைக் கட்டாயமாக்கிற்று. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1849இல் ஸ்பானிய கவர்னர் கிளாவேரியா, பெயர்ப் பட்டியல் ஒன்றை ஊரூராக அனுப்பி, அதிலிருந்து குடும்பப் பெயர்களை வழங்கச் செய்தார். ஜப்பானில் சாதாரணக் குடிமக்கள் அனைவரும் குடும்பப் பெயர் தரிக்கவேண்டுமென்ற விதி 1875இலும், துருக்கியில் 1934இலும் வந்தன. முஸ்தபா கெமால் ‘அதாதுர்க்’ ஆனது அந்தத் துருக்கிச் சட்டத்தின்படியே. குடும்பப் பெயர் இல்லாத ஒரு சமூகத்தைப் பார்த்து அது ஏதோ ஒன்றை இழந்து நிற்பதாகக் கருதுவோர் இவ்வாண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

குடும்பப் பெயரோ தந்தை பெயரோ, ஏதேனும் ஒன்று சொந்தப் பெயரோடு சேரும்போது அது முன்னே நிற்பதா பின்னே நிற்பதா என்பதை மொழியின் இயல்பு பெரிதும் நிர்ணயிக்கிறது. அடைமொழி முன்னும் தலைமைச் சொல் பின்னும் வருவது தமிழின் நெறி. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பழைய வீடு என்று சொல்லும்போது, சொல்லவந்த பொருளாகிய வீடு கடைசியிலேதான் வருகிறது. இந்நெறியுடைய மொழிகள் பலவற்றில் குடும்பத்தின் பெயரே முன்னிற்கிறது. ஜப்பானியரும் கொரியரும் சீனரும் அவ்வாறே வழங்குகின்றனர். ஐரோப்பாவின் நடுவிலே ஹங்கேரியர் மாத்திரம் சுற்றியுள்ள அனைவருக்கும் மாறாக, பார்டோக் பேலா, லிஸ்ட் ஃபெரென்ஸ் என்று இன்றும் எழுதுகின்றனர். நமக்கு மிக நெருங்கிய முறை மங்கோலியருடையது. அவர்களுள் தந்தையின் பெயர் ஆறாம் வேற்றுமை உருபேற்று முன்னே நிற்க, மகனுடைய பெயர் பின்னே வருகிறது. சுருக்கி எழுதும்போது தந்தையின் பெயர் ஓர் எழுத்தளவாய்க் குறுகி முன்னே நிற்கிறது. அந்நாட்டின் முன்னாள் ஜனாதிபதி ஒருவர் த்ஸ. எல்பெக்தோர்ஜ் என்று எழுதப்படுவதைக் காணும் தமிழர் எவரும் தம் வீட்டு வழக்கையே அங்கே காண்பர். வியட்நாமியர் குடும்பப் பெயரை முன்வைத்தாலும் அழைப்பது கடைசிச் சொல்லால்தான். வோ நுயென் ஜியாப் என்ற தளபதியை உலகம் ஜெனரல் ஜியாப் என்றே அழைத்தது.

எனினும் இதை விதிவிலக்கற்ற விதியாகக் கொள்வதற்கில்லை. துருக்கி மொழியும் அடைமொழியை முன்னிறுத்துவதே. அங்கே பழைய குடும்பங்களின் பெயர் முன்னேதான் நின்றது. கொப்ருலுசாதே மெஹ்மெத் ஃபுவாத் என்றிருந்த பேரறிஞர், 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெஹ்மெத் ஃபுவாத் கொப்ருலு ஆனார். மொழியின் நெறியை அரசின் ஆணை வென்றதற்கு இது ஒரு சான்று. மராத்தியும் குஜராத்தியும் அடையை முன்வைக்கும் மொழிகளாயிருந்தும் பால கங்காதர திலகர் என்றும் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்றும் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையே அப்பிரதேசங்களில் வழங்குகிறது. இதற்குச் சமாதானம் தமிழிலேயே கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் ஒருவரைப் பிறரினின்று பிரித்துக் காட்டுவது பெயருக்கு முன்னே நிற்கும். அவரை உயர்த்திக் காட்டுவது பின்னே நிற்கும். நல்லூர் முன்னே, நாவலர் பின்னே. ஊரும் தந்தையும் அடையாளம். பட்டமும் ஜாதிப் பெயரும் சிறப்பு. வடக்கே பின்னே நிற்கும் குடும்பப் பெயர்கள் பலவும் ஆதியில் தொழிலையோ பட்டத்தையோ குறித்துப் பின்னே ஒட்டி நின்றவையே. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள இந்த வேற்றுமையை நினைவிற் கொண்டால் தமிழ்ப் பெயரின் சரித்திரம் முழுவதும் ஒழுங்காக விளங்கும்.

சேர்வராயன் மலைக்கு வடக்கே, இன்று தருமபுரி எனப்படும் தகடூரிலிருந்து ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், சமணத் துறவியர்க்கு அவன் உறைவிடம் அளித்ததைக் கூறும் பிராமி எழுத்துச் சாஸனம் 1981இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் குலத்தைக் குறிக்கும் அதியன் என்ற சொல் முன்னும், அவனுக்கே உரிய அஞ்சி என்ற பெயர் பின்னும் நிற்கின்றன. கரூரை அடுத்த புகளூர்ச் சாஸனமோ சேரர் குலத்து மூன்று தலைமுறைகளைப் பாட்டன், அவன் மகன், அவனுக்கு மகன் என்று மேலிருந்து கீழாக இறங்கி வந்து, தானத்துக்குக் காரணமாய் இருந்த இளவரசனிடத்தே நிறைவு பெறுகிறது. சங்கப் புலவர்களின் பெயர்களைப் பார்ப்போம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். ஊர், ஊருக்குள் சேரி, தந்தை அல்லது தொழில், இவற்றுக்குப் பின்னரே பெயர். 1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சிட்டு இப்பெயர்கள் பலவற்றை மறுபடியும் நாட்டாருக்கு அறிவித்த பெரியவரும் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் என்ற அதே வரிசையில் தம் பெயரைத் தாங்கியவர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக் காலம் இந்த முறை அறுபடாமல் வந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பதிவு செய்த சாஸனம், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பவற்றையெல்லாம் முறையே கூறிய பின்னரே அவளுடைய பெயரைச் சொல்லுகிறது. அத்தனை பெரிய அரசு அத்தனை நுட்பமான கணக்கை வைத்துக்கொள்வதற்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று அதற்குத் தேவைப்படவில்லை. சோழர் சாஸனங்களில் வரும் பெயர்களையெல்லாம் தொகுத்து நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவர் 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட அட்டவணையைப் புரட்டினால், ஊரை முன்னும் உடையான் என்ற பட்டத்தைப் பின்னும் தாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும்.

ஏற்காட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் தொன்றுதொட்டு வாழும் மலையாளிகள் என்ற பழங்குடி மக்களுக்குக் கேரளத்தாரோடு பெயரளவில் அன்றி வேறு சம்பந்தம் இல்லை. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பது அவர்களுடைய ஐதிகம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற சகோதரர் மூவருள் மூத்தவன் சேர்வராயன் மலையிலும், நடுவன் பச்சைமலையிலும், இளையவன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்று அந்தக் கதை கூறும். மூன்று மலைகளின் மூதாதையர்க்கும் வாய்த்த பெயர்கள், உடன்பிறந்தாரிடையே அவரவர் வகித்த ஸ்தானத்தைக் குறிப்பவை. மற்றவன் ஒருவன் இருந்தாலன்றி நடுவண்ணன் என்ற பெயருக்குப் பொருளே இல்லை. இவர்கள் வாழும் மலைப்பகுதி பழைய ஏற்பாட்டின்படி சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்தது. ஒருவனை அறிய வேண்டின் நாட்டையும் ஊரையும் தகப்பனையும் கேட்பதே இயற்கையான வழி. பெயருக்குப் பின்னே இவர்களும் கவுண்டர் என்ற பட்டத்தைச் சேர்த்து வழங்குவர்; கொங்கு நாட்டுச் சமவெளியில் நிலமுடைய வேளாளர்க்கும் அதே பட்டம் உண்டு. பட்டம் மதிப்பைச் சொல்லுமே தவிர ஆளைப் பிரித்துக் காட்டாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மலைமேல் ஒரு காணி நிலம் கைமாறினாலும், பத்திரம் எழுதுவோர் சேலம் மாவட்டம், ஏற்காடு வட்டம், இன்ன கிராமத்தில் வசிக்கும் இன்னார் மகன் இன்னார் என்றே எழுதுவர். கோயிலில் சங்கற்பம் செய்யும் அர்ச்சகர் முதலில் துவீபத்தையும் வருஷத்தையும் கூறி, கோத்திரம், நட்சத்திரம், ராசி என்று இறங்கி, கடைசியிலேதான் பெயரை உச்சரிப்பார். பத்திரமும் சங்கற்பமும் சாஸனமும் ஒரே திசையில் நடக்கின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் பள்ளிக்கூடங்களும் கச்சேரிகளும் பெருகியபோது முன்னே நின்ற ஊரும் தந்தையும் எழுத்துகளாய்க் குறுகின. நாம் இனிஷியல் என்று வழங்கும் தலைப்பெழுத்து பிறந்த வரலாறு இதுவே. குறுகினாலும் இடம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1920ஆம் ஆண்டு நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியாரை நாட்டார் சேலம் விஜயராகவாச்சாரியார் என்றே அழைத்தனர். 1917இல் சேலம் நகரசபைத் தலைவரான இராஜகோபாலாச்சாரியாரின் ‘சி’ குடும்பத்தின் சக்கரவர்த்தி என்ற பெயரைக் குறிப்பது. ஈ. வெ. ராமசாமி என்பதில் ஈரோடு என்ற ஊரும் வெங்கடப்பர் என்ற தந்தையும் உள்ளனர்; காஞ்சிபுரம் நடராஜன் அண்ணாதுரையிலும் அவ்வண்ணமே. ஆவுல் பக்கீர் ஜெயினுலாப்தீன் அப்துல் கலாம் என்ற பெயரில் தந்தைக்கு முன்னே மூத்த தலைமுறைகளும் வரிசையாய் நிற்பதைக் காணும்போது புகளூர்ப் பாறையே நம் நினைவுக்கு வருகிறது. விஞ்ஞான உலகில் இவ்வழக்கு ஒரு விசித்திரமான நன்மையையும் விளைத்தது. மேல்நாட்டார் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று கொண்டதால், கடைசியில் தம் சொந்தப் பெயரை உடைய தமிழர் அப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். சீனிவாச ஐயங்காரின் புதல்வர் ராமானுஜன் என்றே புகழ்பெற்றார். சந்திரசேகர ஐயரின் மூத்த மகன் சுப்பிரமணியம், இளைய மகன் வேங்கடராமன். சுப்பிரமணியத்தின் மகனுக்குப் பாட்டனாரின் பெயரே இடப்பட்டது. பேரன் 1983இலும் சிறிய தகப்பனார் 1930இலும் நோபல் பரிசு பெற்றனர். பேரனுடைய பெயர் சந்திரசேகர் எல்லை என்று வானநூலில் நிலைத்துவிட்டது. இளைய மகனுடைய பெயரோ இரண்டாகப் பிளந்து, வேங்கட என்பது நடுவிலும் ராமன் என்பது இறுதியிலும் நின்றன. ஒரே வீட்டில் ஒரு பெயர் முழுமையாய் உலகை எட்ட, மற்றொன்று பாதியே எட்டியது.

அண்டை மொழியாரிடத்தும் முன்னிலை வழக்கே வலியது. தெலுங்கர் வீட்டுப் பெயரை முன்வைத்து நந்தமூரி தாரக ராமராவ், பாமுலபர்த்தி வேங்கட நரசிம்மராவ் என்பர். மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா ஊர்ப் பெயரை முன்னே தாங்கியவர். வேங்கலில் கிருஷ்ணன் கிருஷ்ண மேனன் என்பதில் வீடு, தந்தை, பெயர், ஜாதிப் பட்டம் நான்கும் ஒழுங்காய் நிற்கின்றன. ஈழத்திலும் ஜேம்ஸ் வேலுப்பிள்ளையின் மகன் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் ஆனார்.

தமிழர் பெயரின் பின்பக்கத்தில் நேர்ந்த மாறுதலே இந்நூற்றாண்டுகளின் பெரிய நிகழ்ச்சி என்பேன். 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரோடு ஒட்டிய ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. ஐயரும் முதலியாரும் பிள்ளையும் நாயக்கரும் கவுண்டரும் பொதுவாழ்வில் மெல்ல மெல்ல உதிர்ந்தனர். அப்படி உதிர்ந்தபின் எஞ்சியது என்ன? தந்தையின் முதலெழுத்தும் தன் பெயரும். இந்தியாவின் பிற பிரதேசங்களில் ஒருவருடைய பெயரைக் கேட்டவுடன் ஜாதி தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் ஏட்டைப் பார்த்து ஓர் ஆசிரியர் மாணவனின் ஜாதியைக் கூறுவது அரிது. பின்னே நின்ற சிறப்பை விட்டொழித்து, முன்னே நின்ற அடையாளத்தை வைத்துக்கொண்டது நம் சமூகம் தானே விரும்பிச் செய்த செயல். இதைப் போற்றிக் காக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த மாறுதலுக்கு முன்பே கடல் கடந்தவர்களின் கதி வேறு. 1860 முதல் நேட்டாலுக்கும், 1903 முதல் பிஜித் தீவுகளுக்கும் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் சந்ததியாரிடையே பிள்ளை, நாயுடு, படையாச்சி, கவுண்டர் முதலிய பட்டங்கள் பரம்பரைக் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. மலேயாவில் தமிழருடைய வரிசையே தலைகீழாயிற்று. அடையாளச் சீட்டில் முதலில் தன் பெயர், பிறகு மகன் என்று பொருள்படும் அனாக் லெலாக்கி அல்லது மகள் என்று பொருள்படும் அனாக் பெரெம்புவான், அதன்பின் தந்தையின் பெயர்.

பெண்களின் நிலையைத் தனியே சொல்லவேண்டும். முன்னே நிற்கும் எழுத்து தந்தையினுடையது என்பது மாறா விதியன்று. மணமானதும் அது கணவருடையதாய் மாறுகிறது, பள்ளிச் சான்றிதழ் ஒன்றும் குடும்ப அட்டை ஒன்றுமாய் ஒருத்தியே இருவராகிறாள். பெற்றெடுத்து வளர்த்த தாயின் பெயருக்கு நெடுங்காலம் அந்த ஓரெழுத்துக்குரிய இடமும் இல்லாதிருந்தது. நம் வரிசையின் குறை இதுவே, மறைப்பதற்கில்லை. தாய், தந்தை, காப்பாளர் என்ற மூவருள் எவரேனும் ஒருவர் பெயர் கொடுத்தால் போதும் என்று கடவுச்சீட்டு விதிகளை 2016 டிசம்பரில் மத்திய அரசு தளர்த்தியது நல்ல தொடக்கம். குடும்பப் பெயர் முறையைக் காட்டிலும் நம் முறையில் இத்திருத்தம் எளிது. தலைமுறை தலைமுறையாய் இறங்கிவரும் பெயரை மாற்றினால் சங்கிலியே அறுந்துபோகும். நம்முடையதோ ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாய் எழுதப்படுவது, தாயின் பெயரை அங்கே எழுதினால் எதுவும் அறுவதில்லை.

இனிப் படிவங்களுக்கு வருவோம். ஆதார் அட்டையில் பெயருக்கு ஒரே வரி. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் மேலேயும் சொந்தப் பெயர் கீழேயுமாக இரண்டு வரிகள். வருமான வரித்துறையின் பான் விண்ணப்பம் முதல், நடு, கடைசி என மூன்று கூறுகளைக் கேட்டு, தலைப்பெழுத்தை ஏற்க மறுத்து, ஒரே பெயருடையவர் அதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் எழுதவேண்டும் என்கிறது. மலைக்கிராமத்திலிருந்து இ-சேவை மையத்துக்கு வரும் ஓர் இளைஞன், ஒரு சீட்டில் தன் பெயரோடும், மற்றொன்றில் தந்தை பெயரைப் பின்னே ஒட்டியும், வேறொன்றில் தலைப்பெழுத்து விரிந்தும் மூன்று மனிதராய்ப் பதிவாகிறான். பழங்குடிச் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் பெயர் ஒத்திருக்கவேண்டும் என்னும்போது துன்பம் அவனுடையதாகிறது. வெளிநாட்டில் துன்பம் மேலும் வளர்கிறது. ஒற்றைப் பெயருடைய இந்தியருக்கு அமெரிக்க விசாவில், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து முதற்பெயராக அச்சிடப்படுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் உடையோருக்கு வருகை விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்து, பிறகு கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாமென்று தெளிவுபடுத்தின. அந்தத் தெளிவுரை நம் கட்சிக்கு வலிமையான சாட்சியம்: வேண்டியது தந்தையின் பெயர்தான், அது குடும்பப் பெயராய் வேடமிட்டு வரவேண்டிய அவசியமில்லை.

குடும்பப் பெயரில்லாமலே நவீன அரசு நடத்த இயலும் என்பதற்கு ஐஸ்லாந்து கண்கூடான உதாரணம். அங்கே பெரும்பாலோர்க்குத் தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்று பொருள்படும் விகுதி சேர்ந்த பெயர்தான் உண்டு; தொலைபேசி அட்டவணையே சொந்தப் பெயரின் அகராதி வரிசையில் அமைகிறது. எத்தியோப்பியரும் தன் பெயர், தந்தை பெயர் என்றே வழங்குவர். பர்மியருக்கு அதுவும் இல்லை. 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகளின் பொதுச் செயலாளராயிருந்த ஊ தாண்ட் அவர்களுக்குத் தாண்ட் என்ற ஒரே பெயர், ஊ என்பது மரியாதைச் சொல். கடவுச்சீட்டுகளுக்கான சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள்கூட முதன்மை அடையாளம், துணை அடையாளம் என்ற இரு சொற்களையே ஆளுகின்றன. எதை எதுவாகக் கொள்வது என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டிருக்கின்றன. 2020 ஜனவரி முதல் ஜப்பானிய அரசு தன் பத்திரங்களில் ரோமன் எழுத்திலும் குடும்பப் பெயரை முன்னே எழுதத் தொடங்கியது. நூற்றாண்டுக்கு மேலாக மேல்நாட்டாருக்காகத் திருப்பி எழுதிய பெயரை அவர்கள் மீண்டும் நேராக்கிக்கொண்டனர். நம் நாட்டிலும் இவ்விஷயத்தில் முன்னோடி இல்லாமலில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராய் 1924இல் அமர்ந்த இராமாமிருதம் ரங்கநாதன், பல இனத்தார் பெயர்களில் எந்தச் சொல்லைத் தலைச்சொல்லாய்க் கொள்வது என்பதைத் தம் பட்டியல் விதிகளில் வகுத்தார். நூலகத்துக்குச் சாத்தியமாயிருந்தது வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் சாத்தியமாகாமற் போகக் காரணமில்லை.

வேண்டுவது பெரிய சீர்திருத்தம் அன்று. விண்ணப்பதாரரின் பெயருக்கு அவர் எழுதுகிறபடியே ஏற்கும் ஒரு முழு வரி. தாயின் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் தனித்தனி வரிகள். ஊருக்கு ஒரு வரி. குடும்பப் பெயர் உடையோர் மாத்திரம் நிரப்புவதற்கு, வெறுமையாய் விட்டாலும் விண்ணப்பத்தைத் தடுக்காத ஒரு வரி. பிறப்புச் சான்றிதழ் தொடங்கிக் கடவுச்சீட்டு வரையில் எல்லா அலுவலகங்களும் இந்த ஒரே அமைப்பை ஏற்குமானால், சேலநாட்டுச் சிற்றூரில் பிறக்கும் குழந்தை தன் பெயரோடேயே பள்ளிக்கும் கல்லூரிக்கும் கடல் கடந்தும் செல்லலாம். அதுவரையில் குழந்தைக்குப் பிறப்புச் சான்று வாங்கும் பெற்றோர், முதற் பதிவிலே எழுதும் பெயரையே பின்வரும் ஒவ்வொரு பத்திரத்திலும் எழுத்து மாறாமல் எழுதிவருவதும், கட்டத்தின் வற்புறுத்தலுக்காகப் பாட்டன் விட்டொழித்த ஜாதிப் பட்டத்தைப் பேரனுக்குக் கடைசிப் பெயராய் மீண்டும் சூட்டாதிருப்பதும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன.